மாமரத்துக்கும் புளியமரத்துக்கும் நடுவில்

என் ஓரகத்தியின் புளியமரத்தில் மலையணில் கூடு கட்டியிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பிப் போட வேண்டிய தோசை கல்லிலேயே கருகியது. அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். தம்பி தோட்டத்து விசேஷம் அவருக்கும் விசேஷம். எனக்கு முதலில் மனதில் வந்த கேள்வி, அது ஏன் நம் தோட்டத்துக்கு வரவில்லை என்பது. இரண்டாவதாகவும் அதேதான் வந்தது.

பொறாமை என்று ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. வேறு பெயர் வைத்தால் மட்டும் வயிறு எரியாமலா இருக்கப்போகிறது. ஓரகத்தி என்றால் என் கொழுந்தனின் மனைவி. எனக்கு இளையவள், கூமாப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். நான் எம்.எஸ்சி., எம்.ஃபில். ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன், ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடி வீடு. இந்தக் கணக்குப்படி நான்தான் மேலே இருக்க வேண்டும். ஆனால் அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடை தப்பாகவே வருகிறது. அவள் ஒடித்து ஊன்றிய கொம்பு தழைக்கிறது. நான் நர்சரியில் வாங்கி, உரம் போட்டு, நிழல்வலை கட்டி வளர்த்த ரோஜா மூன்றாம் வாரம் சுள்ளியாகிறது. சொந்தக்காரர்கள் என் வீட்டில் காபி குடித்துவிட்டு, அவள் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிடுகிறார்கள். அவள் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அதுவும் எனக்குப் பிடிக்காது.

செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில் மாமனார் விட்டுச்சென்ற தோப்பு இருக்கிறது. அவர் காலமான பிறகு அண்ணனும் தம்பியும் நாலு பேரை வைத்துக் கயிறு பிடித்துப் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் மலையைப் பார்த்து ஓடும் வண்டிப்பாதைதான் எல்லை. வடக்கே எங்களுக்கு, தெற்கே அவர்களுக்கு, அவர்கள் குடியிருக்கும் வீடும் அங்கேதான். அவர்கள் பக்கத்தில் ஓடை வரும். அந்த ஓடைக்கரை மரங்கள் ஒன்றையொன்று தொட்டபடி மலைவரை போகும். எங்கள் பக்கத்தில் ஓடை இல்லை, ஆனால் நல்ல மாமரங்கள் எங்களுக்கு வந்தன. அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி இருந்தது. பாகப்பிரிவினை முடிந்த சாயங்காலம் நான் மரங்களை எண்ணிப் பார்த்தேன். அவள் எல்லாருக்கும் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் மாமரங்களிலேயே பெரியது எல்லையை ஒட்டி நின்றது. அதன் மூன்று பெரிய கிளைகள் வண்டிப்பாதைக்கு மேலே நீண்டு, எதிர்ப்பக்கம் இருந்த அவர்களுடைய புளியமரத்துக்குள் புகுந்திருந்தன. கீழே நடந்துபோனால் எது மாவிலை, எது புளிய இலை என்று தெரியாத அளவுக்குப் பின்னிக் கிடக்கும். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மரம் யாருடையதாக இருந்தாலும், எல்லை தாண்டி உதிர்ந்த காய் அது விழுந்த நிலத்துக்காரருக்கு. பறிக்கக் கூடாது, பொறுக்கிக்கொள்ளலாம். காற்றுக்காலத்தில் அந்தக் கிளைகளிலிருந்து உதிர்ந்த காய்களை அவள் பொறுக்குவாள். பொறுக்கி, நறுக்கி, ஊறுகாய் போட்டு, ஒரு ஜாடி நிறைய எங்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்புவாள்.

என் மரத்து மாங்காய் அவள் கைமணத்தோடு என் சாப்பாட்டு மேஜைக்கு வரும். என் வீட்டுக்காரர் தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே, "என்ன இருந்தாலும் அவ கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்பார். நானும் அதே மரத்தில், அதே வாரத்தில் பறித்த காயில்தான் ஊறுகாய் போட்டிருப்பேன். அது பூசணம் பூத்துப் பரணில் கிடக்கும். இப்படி இரண்டு வருஷம் பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வருஷம், அவள் ராஜபாளையத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, மரம் வெட்டுகிறவரை வரச்சொன்னேன். மிஷின் ரம்பத்தோடு வந்தார். எல்லையைத் தாண்டிய கிளை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்றேன். பாகம் பிரித்தபோது தரையில் போட்ட கோட்டை அன்றைக்கு நான் ஆகாயத்திலும் போட்டேன். கணக்கு வாத்திச்சி அல்லவா, கோடு நேராக இருக்க வேண்டும்.

அவர் மேலே ஏறிக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டு, "டீச்சர், இந்தக் கொப்பு வழியா மலையணிலு போக வர இருக்கும்போல. பட்டையெல்லாம் நகத்தடமா கெடக்கு. வெட்டவா?" என்று கேட்டார்.

"அணிலுக்குக் கால் இல்லையா? கீழ எறங்கி நடந்து போகட்டும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு ரம்பத்தை ஓடவிட்டார். மதியத்துக்குள் பாதைக்கு மேலே வெயில் நேராக விழுந்தது. வெட்டிய முகங்களில் சாணி அப்பச் சொன்னேன். மரம் பட்டுப்போய்விடக் கூடாது, அது என் மரம்.

மறுநாள் நான் தோப்பில் இருந்தபோது அவள் வந்து அண்ணாந்து பார்த்தாள். நான் தயாராக வைத்திருந்த பொய்யைச் சொன்னேன். கரண்டு வயரில் உரசுகிறது, தீப்பொறி பறந்தது என்றேன். "அப்பம் வெட்டுனது நல்லதுதான்க்கா. பிள்ளைக நடமாடுத எடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு மாங்காய் ஊறுகாய் வரவில்லை. எலுமிச்சை ஊறுகாய் வந்தது. என் வீட்டுக்காரர் அதையும் புகழ்ந்தார்.

இது நடந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகுதான் அந்தக் கூடும், கருகிய தோசையும். ஸ்ரீவில்லிபுத்தூரில் மலையணிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் மலைக்கு அதன் பெயரில்தான் சரணாலயமே இருந்தது. ஆனால் பெயரைக் கேட்டவர்கள் ஆயிரம் பேர் என்றால் கண்ணால் பார்த்தவர்கள் கொஞ்சம். பூனை அளவு உடம்பு, சாம்பல் பூசிய மாதிரி நிறம், உடம்பைவிட நீளமாகத் தொங்கும் வால். அது அவள் வீட்டு வாசலுக்கு நேரே காலையும் மாலையும் புளியங்காய் தின்றது. வனக்காவலர் வந்து பார்த்துவிட்டு அவளைப் பாராட்டினார். கையளவு நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய கேமராக்களோடு மதுரையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் மோர். என் வீட்டுக்காரர் தன் போனைத் திறந்தால் முதலில் தெரிவது அந்த அணிலின் முகம். முன்பு அந்த இடத்தில் எங்கள் கல்யாணப் போட்டோ இருந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. மாமரத்தில் வாழைத்தார் கட்டித் தொங்கவிட்டேன். நிலக்கடலையும் தேங்காய்க் கீற்றும் தட்டில் வைத்தேன். அணில் வரவில்லை, குரங்குகள் வந்தன. வாழைத்தாரை முடித்து, கொய்யாவை முடித்து, மோட்டார் ரூம் ஓடுகளையும் பெயர்த்துப் போட்டுவிட்டுப் போயின. பாதைக்கு அந்தப் பக்கம் அந்த அணில் கிளை நுனிவரை வரும். உட்கார்ந்து என் மரத்தைப் பார்க்கும். பிறகு வாலைத் திருப்பிக்கொண்டு போய்விடும். அதுகூட என்னை அவளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

அதே சமயத்தில்தான் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கான சுற்றுச்சூழல் அறிவியல் பாடத்தை என் தலையில் கட்டினார்கள். அது எல்லாத் துறைக்கும் கட்டாயம். யாருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் குறைகிறதோ அவர்களுக்கு வந்து சேரும். புத்தகத்தை வாங்கி விடுமுறையில் படித்தேன். உணவுச் சங்கிலி, நீர்ச் சுழற்சி, அப்புறம் மனிதரால் இயற்கைக்கு நேரும் பாதிப்பு. காரணங்கள் ஒழுங்காக எண் போட்டு இருந்தன: மக்கள்தொகைப் பெருக்கம், தொழில்மயம், நகரமயம், காடழிப்பு. உதாரணம் கேட்டால் காலேஜ் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததைச் சொல்வேன். கண்மாயை மூடிய ஆகாயத்தாமரை, தென்னந்தோப்பை அழித்து நட்ட மனைக்கற்கள். செய்கிறவர்கள் எல்லாரும் வேறு யாரோ. வாழிடம் துண்டாடப்படுதல் என்று ஒரு தலைப்பு வந்தது. ரயில் பாதை, அணைக்கட்டு, நாலுவழிச்சாலை என்று மூன்றையும் போர்டில் எழுதிப் போட்டுவிட்டு மணி அடித்ததும் வந்துவிட்டேன்.

இந்த வருஷம் களப்பணி சேர்ந்தது. மாணவர்களை ஓரிடத்துக்குக் கூட்டிப்போய், பார்த்ததை எழுதி வாங்க வேண்டும். நான் கண்மாய் என்றேன். வகுப்பு ஒரே குரலில், "மேம், செண்பகத்தோப்பு பக்கம் ஒரு தோட்டத்துல மலையணில் இருக்காம். இன்ஸ்டால பாத்தோம்" என்றது. அது யார் தோட்டம் என்று அவர்களுக்குத் தெரியாது. மறுக்கக் காரணமும் கிடைக்கவில்லை. பஸ் போய் நின்றதும் அவள் ஓடிவந்து, "வாங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என்பதில் எனக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். அதன் பிறகு யாரும் என்னைப் பார்க்கவில்லை.

புளியமரத்தடியில் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். "இது தரையில எறங்காது பிள்ளைகளா. எறங்குனா நாயி விடாது. கொப்போட கொப்பு தொட்டுக்கிட்டு இருந்தாத்தான் இது போக்குவரத்து. கூடு கட்டுததும் அப்படி நாலு மரம் கூடுத எடத்துலதான். பருந்து வந்தா எந்தப் பக்கமும் ஓடலாம்லா. மேல வழி அத்துப்போச்சுன்னா, இது அங்கயேதான் கெடக்கும்" என்றாள்.

ஒருவர்கூட போனை எடுக்கவில்லை. என் வகுப்பில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மணி பார்க்கிற பையன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். நான் வருகைப்பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். அவள் சொன்னது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அங்கே எனக்கு ஓடிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், என்னை யாராவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா. பஸ் டிரைவரைக் கூப்பிட வேண்டும் என்று சாக்குச் சொல்லி ரோட்டுப் பக்கம் போய்விட்டேன்.

அடுத்த வாரம் அறிக்கைகள் வந்தன. வரிசையாகத் திருத்தினேன். எல்லாவற்றிலும் தோட்டத்து அக்கா. தோட்டத்து அக்கா சொன்னார், தோட்டத்து அக்கா காட்டினார், தோட்டத்து அக்கா தந்த மோர் அருமை. மோருக்கும் களப்பணிக்கும் என்ன சம்பந்தம் என்று சிவப்பு மையில் எழுதினேன். பத்துப் பதினைந்து அறிக்கை தாண்டியதும் வ. புதுப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண்ணின் நோட்டு கையில் வந்தது. வகுப்பில் பேசவே மாட்டாள். அவள் அணிலைப் பற்றி அதிகம் எழுதவில்லை. மரங்களை மேலேயிருந்து பார்ப்பதுபோல் வட்டம் வட்டமாக வரைந்திருந்தாள். வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டபடி ஓடைக்கரையில் மலைவரை போயின. புளியமரம் வரை வந்தன. அங்கே நின்றுவிட்டன. வண்டிப்பாதை வெறும் வெள்ளையாக இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மாமரம், தனியாக.

கீழே எழுதியிருந்தாள்: "வடக்குத் தோட்டத்திலும் தகுந்த மரங்கள் உள்ளன. ஆனால் அணில் போவதில்லை. நடுவில் கிளைத்தொடர்பு இல்லை. ஏன் என்று தோட்டத்து அக்காவிடம் கேட்டோம். ஆனிக் காற்றில் கிளைகள் ஒடிந்துவிட்டன என்றார். ஆனால் முறிந்த இடங்கள் வழுவழுப்பாக, ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன." அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி.

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். கூட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அணில் ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, பதினெட்டு வயதுப் பெண் ஒரு பக்கத்தில் பதில் எழுதிவிட்டாள். அது கிளை நுனிவரை வந்து உட்கார்ந்து பார்த்தது என்னை ஒப்பிட அல்ல, பாதை தேடி. ரயில் பாதையும் அணைக்கட்டும் போர்டில் எழுதிய கைதான் இதைச் செய்திருக்கிறது. அதைவிட அதிகமாகக் குத்தியது இன்னொன்று. காற்றில் ஒடிந்தது என்று அவள் ஏன் சொன்னாள்?

ஞாயிற்றுக்கிழமை தோப்புக்குப் போனேன். அவள் வாசலில் புளியம்பழம் உடைத்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை.

"கொப்பு காத்துல ஒடிஞ்சதுன்னு பிள்ளைககிட்ட ஏன் சொன்ன?"

"பொறவு என்னன்னு சொல்லுததுக்கா?"

"நான் வெட்டினேன்னு."

"அதுக ஒங்க பிள்ளைகள்லா. மேம் மேம்னு ஒங்களப் பெருசாப் பேசுதுக. அதுக முன்னால ஒங்கள விட்டுக்கொடுக்க முடியுமா?"

"வயர்ல உரசலைன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"வயரு அந்தப் பக்கமே போகலியேக்கா" என்றாள், புளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா ஒங்களுக்குச் சங்கடம். கொப்பு ஒட்டவா போகுது? உக்காருங்க, காபி போடுதேன்."

அவளுடைய ஊறுகாய்க்கும் கைராசிக்கும் அணிலுக்கும் பட்ட பொறாமையெல்லாம் அன்றைக்கு வந்ததற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் சண்டை போட்டுச் சமமாகியிருப்பேன். அவள் நல்லவளாக இருந்ததுதான் தாங்கவில்லை. அந்தக் குணம் எனக்கு ஏன் இல்லை, அதை எந்த நர்சரியில் வாங்குவது என்று காபியை ஊதிக்கொண்டே நினைத்தேன். காபியும் என்னுடையதைவிட நன்றாகத்தான் இருந்தது.

"அணில் எங்க பக்கம் வருமா?" என்று கேட்டேன். கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"வெட்டுன எடத்துல துளுத்திருக்குக்கா, பாக்கலியா? தொடுததுக்கு இன்னும் எம்புட்டு வருசம் ஆகுமோ. அதுவரைக்கும் கெட்டியா ஒரு கயித்தக் கட்டிப் பாப்போம். வனக்காவலர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்."

வனக்காவலர் சரி என்றார், எந்த உயரத்தில் கட்ட வேண்டும் என்றும் காட்டினார். அண்ணனும் தம்பியும் ஏணி போட்டு, தடித்த தேங்காய்நார்க் கயிறுகள் இரண்டை அவர்கள் புளியமரத்திலிருந்து எங்கள் மாமரத்துக்கு இழுத்துக் கட்டினார்கள். ஒரு மாதம் அணில் கயிற்றைத் தொடவில்லை. நுனியை முகர்ந்து பார்க்கும், திரும்பிவிடும். ஒருநாள் பாதித் தூரம் வந்து காற்றில் கயிறு ஆடியதும் ஓடிவிட்டது என்று அவள் போனில் சொன்னாள்.

இதற்கிடையில் தேர்வுக்காக அந்தப் பாட அலகை மறுபடி நடத்த வேண்டியிருந்தது. வாழிடம் துண்டாடப்படுதல் என்று எழுதிவிட்டு, ரயில் பாதைக்குப் பதிலாகப் போர்டில் இரண்டு வட்டம் வரைந்தேன். நடுவில் இடைவெளி விட்டேன். புதுப்பட்டிப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இந்தக் கிளைகள் காற்றில் ஒடியவில்லை. வடக்குத் தோட்டம் என்னுடையது. வெட்டச் சொன்னது நான்" என்றேன்.

அவள்தான் எழுந்தாள். அந்த வருஷத்தில் அவள் வகுப்பில் கேட்ட முதல் கேள்வி அது.

"ஏன் மேம்?"

வயர் என்று வாய்வரை வந்தது. "பொறாமை" என்றேன். மணி பார்க்கிற பையன்கூட மணி பார்க்கவில்லை.

சித்திரையில் உள்தேர்வு வைத்தேன். மேற்பார்வை முடிந்து, அங்கேயே உட்கார்ந்து விடைத்தாள்களைத் திருத்த ஆரம்பித்தேன். மனிதரால் இயற்கைக்கு நேரும் பாதிப்புக்குக் காரணங்கள் எழுதுக என்பது மூன்றாவது கேள்வி. ஒரு தாளில் நாலு காரணமும் புத்தகத்தில் இருந்தபடியே இருந்தன. அதற்குக் கீழே ஐந்து என்று எண் போட்டு, பொறாமை என்று எழுதியிருந்தது. கையெழுத்து எனக்குத் தெரியும். விடைக்குறிப்பில் அப்படி ஒன்று கிடையாது. பேனாவைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. என் ஓரகத்தி.

"அக்கா, ஒங்க மாமரத்துல நிக்கி. கயித்துல வந்திருச்சு. ஒங்க காயத் திங்குதுக்கா, நீங்க இல்லியே இப்பம். போட்டோ அனுப்புதேன்."

போட்டோ வந்தது. என் மரம், நான் வெட்டிய இடத்தில் துளிர்த்த கொழுந்துகள், அதற்கு மேலே வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அது. படம் கொஞ்சம் கலங்கியிருந்தது. எத்தனை வருஷம் காத்திருந்தேன் அதற்கு. என் மரத்துக்கு அது வந்தபோது நான் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்தில் பென்ச்சில் உட்கார்ந்திருக்கிறேன், பார்த்தவள் அவள். வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை. கண்ணும் நிறைந்துவிட்டது.

ஐந்தாவது காரணத்துக்கு நேரே சரி என்று போட்டு, முழு மதிப்பெண் கொடுத்தேன்.